வாழக் கிரேவல்பர்க், பார்க்க ஈஸ்ட்எண்ட்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், தென்மேற்குப் புல்வெளிப் பகுதியில் வீடு வாங்க எண்ணியபோது எங்கள் பட்டியலில் இறுதியாக நின்றவை கிரேவல்பர்க், ஈஸ்ட்எண்ட் என்னும் இரண்டு சிற்றூர்கள். முதலாவதில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். இரண்டாவது அதைவிடச் சிறியது. நாங்கள் கிரேவல்பர்க்கில் வாங்கினோம். நகரத்தைவிட மிகக் குறைந்த வீட்டு விலை, தடையின்றி விரியும் வானம், கேட்காமலே உதவும் அயலார், சில நாட்களில் -30 பாகையைத் தாண்டும் குளிர் ஆகியவை இரண்டு ஊருக்கும் பொது என்பதால் அவற்றை விரித்துப் பேச வேண்டியதில்லை.

பயணியாகச் செல்பவருக்கு ஈஸ்ட்எண்டையே தயங்காமல் பரிந்துரைப்பேன். சைப்ரஸ் குன்றுகளின் கிழக்கு ஓரத்தில், பிரெஞ்ச்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. சமவெளியில் நெடுநேரம் காரோட்டி வந்தபின் நிலம் திடீரெனச் சரிந்து இறங்குவதே ஓர் அனுபவம். 1991இல் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ராபர்ட் கெபார்ட் தொல்லுயிர் ஆய்வாளர்களுடன் சென்றபோது கண்டெடுத்த எலும்பிலிருந்துதான் ‘ஸ்காட்டி’ எனப் பெயர் பெற்ற டைரனோசரஸ் ரெக்ஸ் (டி. ரெக்ஸ்) வகை டைனோசர் வெளிப்பட்டது. அது உயிரோடிருந்தபோது 8,800 கிலோவுக்கு மேல் எடையிருந்திருக்கும் என 2019இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. குன்றுச் சரிவில் கட்டப்பட்ட டி. ரெக்ஸ் கண்டுபிடிப்பு மையத்துக்கு ஒரு முழுப் பகலையாவது ஒதுக்க வேண்டும். மாலையில் ஜோன்ஸ் பீக் முகட்டுக்கும் போய்வரலாம்.

கிரேவல்பர்க்கில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றே. 1918–19இல் எழுப்பப்பட்ட விண்ணேற்பு அன்னைப் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தொலைவிலிருந்தே தெரியும். அதன் உட்சுவர்களையும் விதானத்தையும் பங்குத்தந்தை சார்ல்ஸ் மெய்யார் 1921 முதல் பத்து ஆண்டுகள் ஓவியங்களால் நிரப்பினார். இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1930இல் உருவான கத்தோலிக்க மறைமாவட்டம் 1998இல் கலைக்கப்பட்ட பின்னரும் ஆலயமும் ஊரின் பிரெஞ்சுப் பேச்சும் நிலைத்திருக்கின்றன.

வாழும் இடம் என்று வரும்போது, என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு கேள்வி: நாளை இந்த வீட்டை விற்க நேர்ந்தால் யார் வாங்குவார்கள்? புல்வெளிச் சிற்றூர்கள் பல, குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிவரும் விவசாயி ஒரே நாளில் வந்து திரும்பும் தொலைவில், ரயில் பாதையோரத் தானியக் கிடங்கைச் சுற்றி முளைத்தவை. லாரிகளும் நல்ல சாலைகளும் வந்ததும் அந்த இடைவெளிக்குப் பொருளில்லாமல் போயிற்று. பண்ணைகளும் பெருத்துவிட்டன, 2021 கணக்கெடுப்பின்படி இம்மாகாணத்தில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1,700 ஏக்கருக்கு மேல். பண்ணைகள் பெரிதாகப் பெரிதாகக் குடும்பங்கள் குறைகின்றன. எனவே இத்தகைய ஊரில் வீடு தேடுவோர் பெரும்பாலும் நிலத்தை மகனிடமோ பக்கத்துப் பண்ணைக்காரரிடமோ ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் குடியேறும் முதிய விவசாயிகளும், செவிலியர், ஆசிரியர் போன்ற பணியாளர்களும்தான். இவர்கள் முதலில் விசாரிப்பது மருத்துவமனையைப் பற்றி. 1993இல் மாகாண அரசு 52 கிராமப்புற மருத்துவமனைகளை மூடியதை நேரில் கண்ட தலைமுறை அது. அந்தக் கவலை இன்னும் அவர்களிடம் உண்டு.

இங்கேதான் கிரேவல்பர்க் முந்துகிறது. ஊருக்குள்ளேயே மருத்துவமனையும், அதையொட்டி முதியோர் பராமரிப்பு இல்லமும் உள்ளன. பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கலாம். ஈஸ்ட்எண்டில் சுகாதார நிலையம் இருந்தாலும், மருத்துவமனை என்றால் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஷானவனுக்குப் போக வேண்டும். கோடையில் அது ஒரு தொலைவே இல்லை. பனிப்புயல் வீசி நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்ற இரவில் அதே தொலைவு வேறாகிவிடும். அதேசமயம், மருத்துவர் பற்றாக்குறையால் கிராமப்புற மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் சில நாட்கள் மூடப்படுவதும் உண்டு என்பதால், கட்டடம் இருப்பதை மட்டுமே முழு உத்தரவாதமாக நான் கொள்ளவில்லை.

ஈஸ்ட்எண்டை நான் கோடையில் மட்டுமே அறிவேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே குளிர்காலத்தைக் கழித்தவர்களின் கருத்து வேறாக இருக்கக்கூடும். ஓவியரோ எழுத்தாளரோ, விற்கும் கவலையின்றி வாடகைக்குத் தங்க விரும்புபவரோ என்றால் நானே அவர்களை அந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் அனுப்புவேன். வாங்குபவராக இருந்தால், எந்த ஊரானாலும், விலை பேசுமுன் நிலத்தடி அறைச் சுவர்களில் விரிசல் இருக்கிறதா என்று ஒரு கட்டட ஆய்வாளரைக் கொண்டு பாருங்கள். ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் சுருங்கும் களிமண் இப்பகுதியில் பழைய வீடுகளின் அடித்தளத்தை அசைத்துவிடும், அதைச் சரிசெய்யும் செலவு சில வேளைகளில் வீட்டு விலையையே நெருங்கிவிடும்.