4,650 ரூபாயும் போச்சு, அம்மாவின் உருளியும் போச்சு: மும்பையில் செம்பூர், காட்கோபர் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பாத்திரத்தின் கறை எடுத்து ஈயம் பூசித் தருவதாகச் சொன்ன ஒரு செயலிக்காரர்களிடமிருந்து நேற்று ராத்திரி பத்தே காலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." என்ன தீர்த்தார்கள்? தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். மொத்தம் 4,650 ரூபாய். பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம்.

அக்கா மகள் கல்யாணச் சீருக்குத் திரட்டுப்பால் நானே செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டிருந்தேன். மூன்று லிட்டர் பால், அம்மாவின் பித்தளை உருளி. வெல்லம் போட்ட பிறகு கரண்டியை ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கூரியர்க்காரர் மணி அடித்தார். ஓடிபி சொல்லிவிட்டு வருவதற்குள் அடிப்பிடித்துவிட்டது. இரண்டு நாள் வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டு ஊறவைத்தேன். பெரும்பாலும் உரிந்து வந்துவிட்டது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு மட்டும் போகவில்லை. ஈயம் (வெள்ளீயம், அதாவது டின்) பூசிய பாத்திரத்தைக் கம்பி நாரால் தொடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருப்பதால் அதற்கு மேல் நான் தேய்க்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

போனில் ஒரு வீடியோ வந்தது. கருகிப்போன பாத்திரத்தை வீட்டுக்கே வந்து வாங்கிப் போய், கறை எடுத்து, ஈயம் பூசி, நான்கு நாளில் திருப்பிக் கொடுக்கும் சேவையாம். பெயர் சொல்லப் போவதில்லை. செயலி வழியாக ஆர்டர் எடுத்து, வாட்ஸப்பில் மட்டும் பேசுகிற வகை. உருளிக்கு 2,200, அடி கருத்த வெண்கலப் பானைக்கு 1,450, ஹார்டு அனோடைஸ்டு கடாய்க்கு 1,000. மூன்றும் சேர்த்து 4,650 ரூபாய், முழுவதும் முன்பணம். முன்பணம் என்றதுமே நான் யோசித்தேன். "பிக்கப் வரட்டும், பார்த்துவிட்டுக் கட்டுங்கள்" என்றார்கள்.

வந்தது ஒரு தமிழ்ப் பையன். அங்கேதான் நான் விழுந்தேன். மும்பையில் முப்பது வருஷமாக இருக்கிறேன், இன்னும் வாசலில் யாராவது தமிழ் பேசினால் மனசு இளகிவிடுகிறது. "அக்கா, நமக்குத் தென்காசிப் பக்கம். எங்க ஆச்சி வீட்லயும் இதே மாதிரி உருளி கெடக்கு" என்றான். பையிலிருந்து தொங்கு தராசை எடுத்து என் கண் முன்னால் ஒவ்வொன்றாக எடை போட்டான். உருளி 3 கிலோ 420 கிராம். சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "ஈயம் எப்படிப்பா பூசுவீங்க?" என்று கேட்டேன். "நவச்சாரம் போட்டுத்தான் அக்கா, பழைய முறைலதான்" என்றான். ஈயம் பூசும்போது பாத்திரத்தில் தூவுகிற உப்பு அது. நவச்சாரம் என்ற வார்த்தை அவன் வாயில் வந்ததும் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. நின்ற இடத்திலேயே பணத்தை அனுப்பினேன்.

என் மாமியார் மட்டும் உள்ளேயிருந்து, "ஈயச்சொம்பைக் கொடுத்துடாதம்மா" என்றார். அதையும் எடுத்து வைத்திருந்தேன், பளபளப்பாக்கித் தரச் சொல்லலாம் என்று. அவர் சொன்னதால் அது தப்பித்தது.

நான்கு நாள் என்றது ஒன்பது நாளாகி, போன சனிக்கிழமை பாத்திரம் வந்தது. கொண்டு வந்தது வேறு ஆள். உருளி உள்ளே வெள்ளை வெளேர் என்றிருந்தது. சந்தோஷப்பட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றி அலசினேன். விரலில் வெள்ளிப் பொடி ஒட்டியது. துணியால் துடைத்தால் துணியிலும் வெள்ளி. நாலு துடைப்பில் உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. ஈயமே இல்லை! இருந்த பழைய ஈயத்தையும் சக்கரம் போட்டு ராவி எடுத்திருக்கிறார்கள், வட்ட வட்டமாகக் கீறல். சந்தேகம் தீர, அரை டம்ளர் மோர் ஊற்றி மூடி வைத்தேன். காலையில் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. இதில் புளிக்குழம்போ, திரட்டுப்பாலோ செய்து கல்யாண வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

கடாய் கதை இன்னும் மோசம். அதன் கருஞ்சாம்பல் மேல்பூச்சு அலுமினிய ஆக்ஸைடு, காஸ்டிக் சோடா பட்டால் கரைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கியிருப்பார்கள் போல, வெளுத்துப் போய்க் குழி குழியாக இருக்கிறது. வெண்கலப் பானை தப்பித்தது, அதற்கு ஈயப் பூச்சும் இல்லை, வேறு பூச்சும் இல்லை.

சின்ன வயதில் சயான் கோலிவாடாவில் இருந்தோம். கட்டிடத்துக்குக் கீழே ஈயம் பூசும் கலாய்வாலா உட்காருவார். துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடேற்றுவார், நவச்சாரப் பொடி தூவுவார், குப்பென்று வெள்ளைப் புகை. ஈயக் கட்டியைத் தொட்டு ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு, பாத்திரம் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உடனே தண்ணீரில் முக்குவார். ஈயம் 232 டிகிரியிலேயே உருகும், அதனால் சில நிமிஷ வேலைதான், அம்மா பக்கத்திலேயே நின்று வாங்கி வருவார். அதைப் பார்த்து வளர்ந்த நானே உருளியைக் கண் மறைவாக அனுப்பினேன்.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். சனிக்கிழமை: "எங்கள் குழு 48 மணி நேரத்தில் தொடர்புகொள்ளும்." திங்கள்கிழமை: "நீங்கள் அழுத்தித் தேய்த்ததால் போயிருக்கும்." துணியால் துடைத்தேன் என்று வீடியோவே அனுப்பினேன். செவ்வாய்: "முன்பு எடுத்த படத்தில் கறை இருக்கிறது, பின்பு எடுத்த படத்தில் இல்லை. சேவை முடிந்தது." அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். "நான் வெறும் பிக்கப் பாய் அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

புதன்கிழமை உருளியைத் தூக்கிக்கொண்டு பாய்தோனி பக்கம் தாம்பா காட்டாவில் ஒரு பழைய பாத்திரக் கடைக்குப் போனேன். பெரியவர் தராசில் வைத்தார். 3 கிலோ 280. நூற்று நாற்பது கிராம் எங்கே? "ஈயம் பூசிடலாம் பெஹன், ராவிப் போன பித்தளையை நான் எங்கேயிருந்து கொண்டு வருவேன்?" என்று இந்தியில் கேட்டார். எந்தத் தராசைப் பார்த்து நம்பினேனோ, அதே சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "எடை டெலிவரிக் கணக்குக்காக மட்டும்" என்று பதில். கடைசியில் 4,650 ரூபாய்க்கு 300 ரூபாய்க் கூப்பன் கொடுத்தார்கள், அதுவும் அடுத்த தடவை 2,000 ரூபாய்க்கு ஆர்டர் செய்தால். அதற்குப் பிறகுதான் அந்தப் பத்தே கால் மெசேஜ்.

இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். சீட்டு, பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வீடியோ எல்லாம் இருக்கிறது.

எப்படிக் கறை எடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். எவர்சில்வர் அடிப்பிடித்தால் சமையல் சோடா போட்டுக் கொதிக்கவைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள், அதுவே உரியும். அலுமினியம், அனோடைஸ்டு எதிலும் காஸ்டிக் சோடா கலந்த எதுவும் வேண்டாம், சமையல் சோடாவும் வேண்டாம், எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கவைத்தால் போதும். கழிவறை ஆசிடைப் பாத்திரத்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஈயம் பூசுவதென்றால் கண் முன்னால். முன்பணம் வேண்டாம்.

தொங்கு தராசோடு வந்து ஊர்ப் பெயர் சொல்லும் பையன் உங்கள் சொசைட்டிக்கும் வரலாம், வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள். கலாய்வாலா யாராவது இன்னும் தெருவில் உட்காருகிறார் என்றால் எந்த இடம் என்று எழுதுங்கள், தூரமானாலும் போகிறேன். கல்யாணம் அடுத்த மாதம். திரட்டுப்பாலுக்கு மாமியார் அவருடைய பழைய அடிகனமான இண்டோலியம் சட்டியை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார்.