ஈ விழுந்தால் ஈ அடிக்கும் ஆப்

இத்தனை எழுத்து, இன்னின்ன எழுத்து இருக்க வேண்டும், இன்னின்னது கூடாது என்று சொன்னால் ஆங்கிலச் சொற்களை அள்ளிக் கொட்டும் ஆப் ஒன்றை ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். இந்த வகை ஆப்களில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவைதான். இப்போது அதன் கட்டணப் பதிப்பு 99 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. "வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கு அனுப்ப நினைத்த பதில் நீண்டுவிட்டது, அதனால் இங்கே.

நான் இதைத் திறப்பது பெரும்பாலும் வேர்டிலுக்காக. ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்கும் இணைய ஆட்டம் அது. நாம் போடும் சொல்லில் ஓர் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, விடையில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சாம்பல். ஆப்பைத் திறந்து ஆடுவதற்கு வீட்டில் போங்காட்டம் என்று பெயர். நாலு வரி போட்டும் பிடிபடாவிட்டால்தான் திறக்கிறேன் என்பது என் கட்சி. அதை யாரும் நம்புவதில்லை, போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வேர்டிலில் ஸ்பீட் (SPEED) என்று போடுகிறீர்கள்: எஸ், பி, ஈ, ஈ, டி. அன்றைய விடை அபைட் (ABIDE), அதாவது ஏ, பி, ஐ, டி, ஈ என்று வைத்துக்கொள்வோம். முதல் ஈ மஞ்சளாகும், இரண்டாவது ஈ சாம்பலாகும், டி மஞ்சள். ஆடுகிறவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும்: விடையில் ஈ ஒன்றே ஒன்றுதான், அதுவும் மூன்றாம், நான்காம் இடங்களில் இல்லை. இதைவிட நல்ல துப்பு கிடைக்காது. அந்தத் துப்பை இந்த ஆப்பிடம் சொல்ல வழியே இல்லை!

"இருக்க வேண்டியவை" பெட்டியில் ஈ போட்டு, "கூடாதவை" பெட்டியிலும் ஈ போட்டால் திரை காலி, ஈ அடிக்கிறது. ஈ உள்ள சொல், ஆனால் ஈ இல்லாத சொல் என்று அது புரிந்துகொள்கிறது. சரி, கூடாதவையில் இருந்து எடுத்துவிட்டால்? இரண்டு ஈ உள்ள சொற்களும் கூட்டத்தோடு வந்து நிற்கின்றன. தலைகீழாகவும் வேலை செய்யாது. எனக்கு இரண்டு ஈ கட்டாயம் வேண்டும் என்று ஈஈ தட்டினாலும் ஒரே ஒரு ஈ உள்ள சொற்களைத்தான் முதலில் நீட்டுகிறது. எழுத்து இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறதே தவிர எத்தனை தடவை என்று எண்ணுவதில்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்களைக் கேட்டால் சில வரி வேலை என்கிறார்கள்.

மஞ்சள் எழுத்துக்கும் இதே கதைதான். "உண்டு, ஆனால் இந்த இடத்தில் இல்லை" என்று குறிக்க இடமில்லை. நமக்கு நாமே கண்ணால் வடிகட்ட வேண்டியதுதான். எழுதிக் கேட்டேன். "அடுத்த அப்டேட்டில் பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. அடுத்த அப்டேட் வந்தது. ஐகானின் நிறம் மாறியிருந்தது.

இன்னொரு குறை, பட்டியலின் வரிசை. வேர்டிலை உருவாக்கிய ஜோஷ் வார்டில் என்பவர் அந்த ஆட்டத்தைத் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தபோது, சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களில் இருந்து அவருக்குத் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்க வைத்தார். விடைப் பட்டியல் ஏறக்குறைய 2,500-க்கு வந்தது. 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அந்த ஆட்டத்தை வாங்கியது. அது அத்தனை பேரிடம் ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பொறுக்கல்தான் பெரிய காரணம் என்பேன். விடை தெரிந்ததும் "அட, இதுவா!" என்று தோன்றும், "இப்படி ஒரு சொல் இருக்கிறதா?" என்று தோன்றாது. இந்த ஆப்போ அகராதியை அப்படியே அகர வரிசையில் கவிழ்க்கிறது. தினம் பேசும் சொல்லும் யாருமே பேசாத சொல்லும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அந்தக் குப்பையில்தான் எனக்குச் சில நல்ல மாலைகள் கிடைத்தன, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஏ, ஓர் எல், இரண்டு ஐ சேர்ந்த ஒரு சொல் பட்டியலின் உச்சியில் அடிக்கடி வந்து எரிச்சலூட்டியது. ஒருநாள் என்னதான் அது என்று தேடிப் பார்த்தேன். ஹவாய்த் தீவுகளில் ஒரு புதர்ச் செடிக்குப் பெயராம். தாவரவியல் பெயர் டோடோனியா விஸ்கோசா. நம் ஊர்க் குன்றுகளில் நிற்கும் விராலிச் செடியேதான்! இன்னொரு நாள் கியூ இருந்து யூ இல்லாத ஐந்தெழுத்துச் சொற்களைக் கேட்டேன். கனாத், ஃபக்கீர், நிகாப், கிப்லா, தலாக் என்று அரபுப் பக்கத்துச் சொற்களாக வந்து விழுந்தன. கனாத் என்பது ஈரானில் மலையடி நிலத்தடி நீரை ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய் என்று படித்து, அன்று வேர்டிலையே மறந்துவிட்டேன். இணையம் இல்லாமலும் ஓடுகிறது. ரயிலில் சிக்னல் போன பிறகும் இந்த விளையாட்டு தொடரும்.

இடம் தெரிந்த எழுத்துகளுக்கு ஆப் பிரமாதம், அதில் குறை சொல்ல முடியாது. கடைசி நாலு எழுத்து ஐ, ஜி, எச், டி என்று பச்சையாகிவிட்டால் முதல் எழுத்து எது என்பதில்தான் பலர் தோற்பார்கள். ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எய்ட் என்று வரிசையாகக் காட்டிவிடும். அதைப் பார்த்து ஃபிலிம்ஸ் என்று ஒன்று போட்டால் எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் தெரிந்துவிடும். கிடைத்த துப்புகளை அடுத்த சொல்லிலும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற ஹார்டு மோடில் ஆடுகிறவர்களுக்கு இந்த வழி அடைப்பு, அவர்கள் பாடு அவர்களுக்கு.

ஆக, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டுதானா என்றால், ஆமாம், இன்று காலையிலும் ஈ-யில் மாட்டி ஆறு வரியும் போயிற்று. நேற்று கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். கட்டணப் பதிப்பில் கூடுதலாகக் கிடைப்பது விளம்பரம் இல்லாமை மட்டும்தான், தேடல் அதே தேடல். வாங்குவதாக இருந்தால் முதலில் இலவசப் பதிப்பை இறக்கி, இருக்க வேண்டியவையில் ஈஈ என்று தட்டிப் பாருங்கள். இரண்டு ஈ உள்ள சொற்கள் மட்டும் வந்தால் சரிசெய்துவிட்டார்கள் என்று அர்த்தம். தாராளமாக 99 ரூபாய் கொடுங்கள், அப்படியே எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.