சர்க்கரைவள்ளி: குக்கரா, இட்லிப் பானையா, தணலா?

தை பிறந்தால் கிழங்கு வண்டிக்காரரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சிவப்பா, வெள்ளையா, எது இனிக்கும்?" தோலின் நிறத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. இனிப்பில் பெரும்பங்கு அடுப்பில்தான் உண்டாகிறது.

கிழங்கில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. சூடு ஏற ஏற, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக அது மாற்றிக்கொண்டே வரும். சுமார் 60 முதல் 75 டிகிரி வரை இந்த வேலை மும்முரமாக நடக்கும். அதற்கு மேல் போனால் நொதி செயலிழந்துவிடும். கிழங்கு அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்ததோ, அவ்வளவு இனிப்பு.

குக்கர் அந்தக் கட்டத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறது. போதாததற்கு, வெட்டிப் போட்டால் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போகும். மைக்ரோவேவ் இன்னும் அவசரக்காரன், சப்பென்று இருக்கும். தோலோடு முழுசாக இட்லிப் பானையில் வைத்துச் சிறு தீயில் அவித்தால் நல்ல ருசி. ஆனால் தணலில் புதைத்துச் சுட்டதற்கு ஈடு இல்லை. மெதுவாக வேகும், ஈரம் வற்றும், தோலோரம் பாகு கசியும். விறகடுப்பு இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் மூடி, சிம்மில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் தீர்ப்பு தலைகீழ்: சுட்டதைவிட அவித்தது ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும்.

சதையின் நிறம் வேறு கதை. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தந்த 'பூ சோனா' உள்ளே ஆரஞ்சு. கண்ணுக்கு நல்ல பீட்டா கரோட்டின் அதில் நிறைய. ஆரஞ்சுச் சதை பொதுவாக ஈரமானது, குழைந்துவிடும். போளிப் பூரணத்துக்கும் சப்பாத்தி மாவில் பிசையவும் தோது. திருவாதிரைக் கூட்டுக்கும் பொரியலுக்கும் மாவுப் பிடிப்புள்ள வெள்ளைச் சதைதான்.

வாங்கும்போது கழுவிப் பளபளப்பதைவிட மண் ஒட்டியதே மேல், நாள்பட இருக்கும். ஒரே பருமனாக, ஒல்லியாகப் பாருங்கள். குண்டுக் கிழங்கில் ஓரம் வெந்தும் நடு வேகாது. குண்டூசித் துளை தெரிந்தால் கூன்வண்டு புகுந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் செதுக்கிப் பயனில்லை, கசப்பு சுற்றிலும் பரவியிருக்கும்.

பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிர் தாக்கினால் நடுப்பகுதி கெட்டியாகி, எவ்வளவு அவித்தாலும் வேகாது. காற்றோட்டமான நிழலில், மூங்கில் கூடையே போதும். முளை விட்டாலும் பயம் வேண்டாம். உருளைக்கிழங்கின் முளையில் இருக்கும் நஞ்சு இதில் இல்லை. கிள்ளிவிட்டுச் சமைக்கலாம், முளையைத் தொட்டியில் நட்டால் கொடி வரும், கொழுந்து கீரைக்கு ஆகும். அவித்து மிஞ்சியதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.