மேட்பிளாட்லிப்பின் கோணல் கோடு: சில வருடம் பயன்படுத்தியதில்

“பக்கத்துலதான் இருக்கேன், அஞ்சு நிமிஷம்” என்று போனில் சொல்பவர் உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? எக்ஸ் அச்சில் எத்தனையாவது போன், ஒய் அச்சில் தூரம். முதல் மூன்று போனுக்கும் கோடு அசையாமல் நேராகப் போகும். ஆள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. நான்காவதில்தான் இறங்கும். இந்த மாதிரி கிராஃப்களை வரைந்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் பழக்கம். வரைவது பைதான் நிரல்மொழியில், கிராஃப் வரைவதற்கான மேட்பிளாட்லிப் என்ற நிரல் தொகுப்பின் எக்ஸ்கேசிடி பாணியில்.

எக்ஸ்கேசிடி, ராண்டல் மன்றோ 2005-இல் தொடங்கிய இணையச் சித்திரத் தொடர். குச்சி மனிதர்களும் கையால் போட்ட கிராஃப்களும் நிறைய வரும். அந்த நடுங்கும் கோட்டை நிரலாலேயே வரையலாம் என்று 2012-இல் வானியலாளர் ஜேக் வாண்டர்பிளாஸ் செய்து காட்டினார். அடுத்த வருடம் 1.3 பதிப்பில் அது மேட்பிளாட்லிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. நிரலில் plt.xkcd() என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஸ்கேல் (நடுக்கம் எவ்வளவு பெரிது), லென்த் (ஒரு நடுக்கத்தின் நீளம்), ரேண்டம்னஸ் (அந்த நீளம் எவ்வளவு மாறும்) என்று மூன்று அளவுகளை மாற்றலாம். தானாக வரும் மதிப்புகள் 1, 100, 2. ஸ்கேலைக் கூட்டினால் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து வரைந்தது போல ஆகிவிடும். நான் தொடுவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை: அந்த வரியை மேலே போட்டுவிட்டால், அதே நோட்புக்கில் (நிரலும் கிராஃபும் சேர்ந்து இருக்கும் கோப்பு) பிறகு வருகிற விற்பனைக் கணக்கு கிராஃபும் கோணலாகவே வரும். வித் (with) என்று தொடங்கும் பிளாக்குக்குள் அடைத்துவிடுங்கள், அதற்குள் இருக்கும் கிராஃப் மட்டும் கோணலாகும்.

பல பேர் இந்தப் பாணியே சிரிப்பை வரவைக்கும் என்று நினைக்கிறார்கள். வராது. சிரிப்பு அச்சுகளின் பெயரில்தான் இருக்கிறது. ‘மகிழ்ச்சி’, ‘நேரம்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘டீ வர இன்னும் எத்தனை நிமிஷம்’, ‘மேனேஜர் பேசுவது காதில் விழும் அளவு’ என்று எழுதினால் கோட்டைப் பார்க்கும் முன்பே ஆள் சிரித்துவிடுவார். அப்புறம், ஒரு கிராஃபுக்கு ஒரு கோடுதான். இரண்டாவது கோடு வந்தால் விளக்கம் தேவைப்படும், விளக்கினால் ஜோக் போச்சு.

எதிர்பாராத பயன் ஒன்று: மீட்டிங்கில் உத்தேசக் கணக்கைக் காட்டும்போதும் இதையே போடுகிறேன். நேர்க்கோட்டில் காட்டினால் “அது 42-ஆ 43-ஆ?” என்று கேட்பவர்கள், கோணல் கோட்டைப் பார்த்தால் கேட்பதில்லை. தோராயம் என்று பார்த்தவுடனே புரிந்துவிடுகிறது. நிஜ எண்களுக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம்.

பெரிய குறை தமிழ்தான். கையெழுத்து எழுத்துருவைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும், அதிலும் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், நான் பயன்படுத்திய பதிப்புகளில் ‘கெ’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அதனால் அச்சுப் பெயர்களைக் காலியாக விட்டு, எஸ்விஜி என்ற படக் கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து தமிழில் எழுதுகிறேன். இரண்டு நிமிஷ வேலை கால் மணி நேரம் ஆகிறது. அவசரத்துக்குப் பேனாவால் தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பியதும் உண்டு. குழுவில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.