டயல்-அப்பிலிருந்து நேராக ஃபைபர்: மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கண்டது

ஊரில் அம்மா வீட்டு ஃபைபர் இணையம் அறுந்துபோய்ப் புகார் கொடுத்திருந்தோம். "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது, நன்றி" என்று அம்மாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. மோடத்தில், லைன் வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு அப்போதும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு யாரும் வரவில்லை, லைன் வந்ததா என்று யாரும் கூப்பிட்டுக் கேட்கவுமில்லை. இந்த முறை ஜெர்மனியிலிருந்து வந்தபோது ஊரில் மற்ற வேலைகள் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன, அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்தக் குறுஞ்செய்தியை மட்டும் மறக்க முடியவில்லை.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு கால்வாயில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பக்கம். போன் லைனில் ஒரு எண்ணை அழைத்து இணையம் பிடித்த டயல்-அப் காலத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 172-இல் தொடங்கும் எண், அந்தக் கிரீச் சத்தம், பாதியில் யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் போச்சு. இதே மேலூர் வட்டாரத்தில்தான் 2001-இல், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பை வைத்துக் கிராமங்களில் கணினி மையங்கள் திறந்தார்கள். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அதை வைத்துக்கொண்டே நோயாளியின் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு அது பெருமைதான்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு அப்படியே நின்றுவிட்டது. செம்புக் கம்பியில் வரும் பிராட்பேண்டுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும், எங்கள் வீடோ அதற்கும் அப்பால். 2004-இல் வந்த அரசுக் கொள்கைப்படி 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். அந்த 256 கூட எங்களுக்கு எட்டவில்லை. பிறகு செல்போனில் இணையம் வந்தது, ஆனால் மொட்டை மாடிக்குப் போனால்தான் கிடைக்கும். முழங்கால் வலிக்கிற அம்மா என்னை வீடியோவில் பார்ப்பதற்காகப் படி ஏறிக்கொண்டிருந்தார்.

இப்போது ஃபைபர், அதாவது மின்சாரத்துக்குப் பதில் ஒளி போகும் கண்ணாடி இழை. கேபிள் டிவி நடத்தும் அண்ணன்தான் ஒரு தனியார் நிறுவனத்துக்காக இங்கே இணைப்புக் கொடுக்கிறார். கம்பத்துப் பாக்ஸிலிருந்து வீட்டுக்கு ட்ராப் ஒயர் இழுத்து, ஜன்னல் ஓரம் ஓட்டை போட்டு, மோடத்தை மாட்டி, மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. உள்ளபடி எனக்குப் பொறாமையாக இருந்தது. ஜெர்மனியில் நான் இருப்பதும் ஒரு கிராமம்தான். அங்கே மூன்றில் ஒரு பங்கு வீடுகளாவது முன்கூட்டியே கையெழுத்துப் போட்டால்தான் நிறுவனம் குழி தோண்டவே ஆரம்பிக்கும். என் வீட்டில் இன்னும் செம்புக் கம்பிதான். இங்கே ஒரே இழையில் வரும் ஒளியைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து 20 கிலோமீட்டர் வரை, வழியில் எங்கும் மின்சாரம் இல்லாமலே போகும். தூரத்தைக் காரணம் காட்டி எங்கள் தெருவை இனி யாரும் ஒதுக்க முடியாது.

ஆனால் இவ்வளவு சீக்கிரம் கொடுக்க முடிவதே, ஒயரைப் புதைக்காமல் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடுவதால்தான். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தெரு முனையில் திரும்பும்போது அதை இழுத்து அறுத்துவிட்டுப் போய்விட்டது.

உதவி எண்ணுக்குப் போன் போட்டோம். தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு இரண்டை அழுத்து, வாடிக்கையாளர் எண்ணைச் சொல், ஓ.டி.பி. சொல். அம்மாவால் அந்த ஓ.டி.பி.யை நேரத்துக்குள் படித்துச் சொல்ல முடியவில்லை, நான்தான் சொன்னேன். சரி, புகார் பதிவானது. அதன் பிறகு வந்ததுதான் அந்த நன்றிச் செய்தி. மறுபடி கூப்பிட்டால், பழைய புகார் முடிந்துவிட்டது, புதிதாகப் பதியுங்கள் என்றார்கள். புதிய புகார் என்றால் அவர்கள் கணக்கில் பழுது இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. முந்தைய நாட்கள் காணாமல் போய்விடுகின்றன. லைன் வந்ததா என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புகாரை மூடுவது அநியாயம். வேறு எந்த வார்த்தையும் எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியில் ஆள் வருவதற்கு நாளாகும், அதிலும் காலை எட்டிலிருந்து மதியம் வரை வீட்டிலேயே காத்துக் கிடக்க வேண்டும். ஆனால் 2021 டிசம்பர் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. இணைப்பு முழுக்க நின்றுபோய் இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால், மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து அது இரட்டிப்பாகும். வருகிறேன் என்று சொன்ன ஆள் வராவிட்டாலும் பணம் உண்டு. அப்படி ஒரு பயம் இருந்தால் புகாரை இப்படி மூட மனம் வராது.

கடைசியில் அம்மாவே கேபிள் அண்ணனிடம் வேலை பார்க்கும் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, லைன் வரலப்பா."

"ரெட் லைட்டா எரியுது பெரியம்மா? பாக்ஸ்ல பவர் பாத்துட்டு வர்றேன்."

இருட்டின பிறகு வந்தான். கம்பத்துப் பாக்ஸில் பவர், அதாவது ஒளி, வருகிறது, அதற்கு இந்தப் பக்கம்தான் கட் என்று மீட்டரை வைத்துக் கண்டுபிடித்தான். தெரு முனையில், தார்ச்சாலை ஓரத்திலேயே உட்கார்ந்து வேலை. நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன். மேலுறையை உரித்து, தலைமுடி போல இருந்த இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைஸ் மெஷினுக்குள் வைத்தான். சின்னத் திரையில் இரண்டும் நெருங்கி வந்தன, ஒரு மின்பொறி, ஒட்டிக்கொண்டன. ஜாயிண்டின் மேல் சின்ன உறை போட்டுச் சூடு காட்டினான். வீட்டுக்கு வந்து மீட்டரில் பார்த்தால் ஒளியின் அளவு மைனஸ் 21. "இது போதும்ணே, நல்ல பவர்" என்றான். புகாரைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு அப்படி ஒன்று வந்து சேரவே இல்லை. போகும் முன், ஒயரை லாரிக்கு எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டினான். யாரும் சொல்லாமல் அவனாகவே செய்தான்.

இன்னொன்று. பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் அடிக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் அந்தக் கம்பியில் வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் அது கிடையாது, கரண்ட் போனால் மோடமும் அணையும், அதில் மாட்டிய போனும் சேர்ந்து அணையும். ஜெர்மனியிலும் வீட்டுப் போன் இணைய வழிக்கு மாறிவிட்டது, ஆனால் அங்கே சராசரியாக வருடத்துக்கு அரை மணி நேரம்கூடக் கரண்ட் போவதில்லை. இங்கே மழைக்காலத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அந்த நேரத்தில்தான் போன் வேண்டும். மோடத்துக்கென்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. கேபிள் அண்ணனிடமே கேட்டு வாங்கி மாட்டினேன். மோடம் கொஞ்சமாகத்தான் மின்சாரம் இழுக்கும், அதனால் சாதாரண மின்வெட்டை அது தாங்கிவிடுகிறது. ஊரில் பெற்றோருக்கு ஃபைபர் போடுகிறீர்கள் என்றால் இதையும் கூடவே கேளுங்கள். இணைப்புக் கொடுக்க வந்த அன்று எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.