ஊரில் ஆலையா, கடல் கடந்த வேலையா?

ஏழ்மை குறைய ஏற்றுமதியை நம்புவதா, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் வரவழைப்பதா? முதல் வழியில் போன வியட்நாமையும் இரண்டாம் வழியில் போன பிலிப்பைன்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தொடங்குவது
பிலிப்பைன்ஸ்: எளிது. 1974 தொழிலாளர் சட்டமே வழி திறந்தது. ஆங்கிலம் தெரிந்த செவிலியர்களும் மாலுமிகளும் கிளம்பினார்கள்.
வியட்நாம்: நீண்ட வேலை. 1986இல் ‘தோய் மோய்’ (புதுப்பித்தல்) என்ற பொருளாதாரச் சீர்திருத்தம். முதலில் நிலத்தைப் பயிரிடும் உரிமை குடும்பங்களுக்குப் போனது. அரிசி இறக்குமதி செய்த நாடு 1989இல் பெரிய ஏற்றுமதியாளரானது. அப்புறம்தான் 2001இல் அமெரிக்க வணிக ஒப்பந்தம், 2007இல் உலக வணிக அமைப்பில் இடம், பாக் நின் மாகாணத்தில் சாம்சங் ஆலை. நெல்லில் தொடங்கியதுதான் முக்கியம் என்பேன். ஏழைகள் வயலில்தானே இருந்தார்கள்.

அதிர்ச்சியைத் தாங்குவது
பிலிப்பைன்ஸ்: 2020 பெருந்தொற்றிலும் வெளிநாட்டுப் பணம் பெரிதாகக் குறையவில்லை.
வியட்நாம்: அமெரிக்கச் சந்தையை மிகவும் சார்ந்தது. 2025 ஏப்ரலில் 46 சதவீத வரி என்ற அறிவிப்பே உலுக்கிவிட்டது.

யாருக்குப் போய்ச் சேர்கிறது
பிலிப்பைன்ஸ்: பயணச் செலவைப் புரட்ட முடிந்த குடும்பங்களுக்கே முதலில். பல பிள்ளைகள் அம்மாவை அலைபேசித் திரையில் பார்த்தே வளர்கிறார்கள். இந்த விலையை எந்தக் கணக்கும் காட்டாது. 2023இல் ஏழ்மை 15.5 சதவீதம்.
வியட்நாம்: 1993இல் பாதிக்கு மேல் ஏழைகள், இன்று சில சதவீதமே. ஏழ்மைக்கோடு நாட்டுக்கு நாடு மாறும், ஆனாலும் இறக்கம் பெரிது.

உடனே அந்நியச் செலாவணி வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸ் வழி உதவும். கிராமத்து ஏழைதான் இலக்கு என்றால் வியட்நாம் வழி. அதையும் வயலிலிருந்தே தொடங்க வேண்டும்.