மனித உருவம் வெட்ட இந்த உளி செட் போதுமா?

ஒன்லைனில் ஓடர் போட்டு கிளிநொச்சிக்கு எடுத்த, 12 உளி கொண்ட மரச்செதுக்கு செட் இது. இதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் பூவும் இலையும் பெயர்ப்பலகையும் செதுக்கியவர்கள். எனக்கு வேண்டியது மனித உருவம், அதுவும் நூறு வருடத்துக்கு முன்பு ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகள் (உள்ளுணர்ச்சியைக் காட்ட உருவத்தைக் கோணலாக்கிய ஓவியர்கள்) மரத்தில் வெட்டி அச்செடுத்த மாதிரியான உருவம், அதனால் அந்தக் கண்ணோடுதான் சொல்கிறேன்.

அகலமான யூ உளிகள் (வாய் U வடிவில் வளைந்தவை) அருமை. வெட்டி எடுத்த இடத்தில் மை படாது, அச்சில் அது வெள்ளையாக விழும். முகத்தின் ஒரு பக்கத்தை வெள்ளையாக்க ஒரு தள்ளுத் தள்ளினால் மரம் சுருண்டு வருகிறது. வாய் V வடிவில் உள்ள வி உளிதான் மோசம், முதிரைப் பலகையில் வைத்தவுடனே நுனி தெறித்துவிட்டது. முதிரை நார் பின்னின மரம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரக்காலையில் ஓடாவி ஒருவர் உளியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த இரும்பு முதிரைக்குச் சரிவராது, வேம்புப் பலகை தாறன், அதில செய்து பாரும்" என்றார். வேம்பில் நன்றாகவே போகிறது.

சரி, வி உளி போனால் மெல்லிய கோடு வராதே என்று கேட்பீர்கள். இந்த வகை உருவத்துக்கு அது பெரிய இழப்பே இல்லை. 1905இல் டிரெஸ்டனில் டி ப்ரூக்கே என்ற ஓவியர் குழுவைத் தொடங்கிய கிர்ஷ்னரும் ஹெக்கலும் ஷ்மிட்-ரொட்லுஃபும் மென்மையான கோட்டைத் தேடவில்லை. நாருக்குக் குறுக்கே உளி போகும்போது தோளும் முழங்காலும் கன்னமும் கோணலாக உடையும், அந்த உடைவை மழுப்பாமல் உடம்பின் வடிவமாகவே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்பே நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 'முத்தம்' படத்தில் இரண்டு உடல்களை ஒரே கறுப்பாக்கி, பலகையின் நார்க்கோடுகளையும் சேர்த்து அச்சில் விழவிட்டார்.

ஆனால் நான் உளி எடுத்ததே ஜெர்மன் பெண் ஓவியர் கேத்தே கொல்விட்ஸால்தான். அவருடைய மகன் பீட்டர் 1914 ஒக்டோபரில் பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். அந்தத் துக்கத்தைச் சொல்ல வேறு அச்சு முறைகளில் முயன்று திருப்தி வராமல், 1920இல் சிற்பி ஏர்ன்ஸ்ட் பார்லாக் மரத்தில் வெட்டி அச்செடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான் மரத்துக்கு வந்தார். 'போர்' என்ற தலைப்பில் 7 படங்கள். அதில் 'பெற்றோர்' என்ற படத்தில் தாயும் தகப்பனும் மண்டியிட்டு ஒருவரோடொருவர் ஒட்டி ஒரே கறுப்புத் திரளாக இருக்கிறார்கள், தகப்பன் கையால் முகத்தை மூடியிருக்கிறார். துவக்கு இல்லை, சீருடை இல்லை, போர்க்களமும் இல்லை. வன்னியில் இருந்து அதைப் பார்ப்பவருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த உளிகளைச் சோதித்தேன். குனிந்த முதுகும் சேலை மடிப்பும் அகல உளிக்கு இலகுவாக வருகின்றன. கை விரல்தான் உயிரை வாங்கும். விரலுக்கும் விரலுக்கும் இடையில் எடுக்கிற அந்தச் சின்ன வெள்ளைதான் அது பிடிக்கிற கையா, சோர்ந்துபோன கையா என்பதைத் தீர்மானிக்கிறது. செட்டிலுள்ள மிகச் சின்ன யூ உளி அதைச் செய்யும், ஆனால் வந்தபடியே பாவிக்க முடியாது, நன்றாகத் தீட்ட வேண்டும்.

தீட்டுக்கல் செட்டோடு வராது, தனியாக வாங்குங்கள். அச்செடுக்க மெஷின் தேவையில்லை: அச்சகத்து எண்ணெய் மையை ரோலரால் மெல்லியதாகப் பூசி, மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். விற்பவர் அந்த வி உளிகளை விட்டுவிட்டு, நல்ல இரும்பில் 5 யூ உளி மட்டும் இதே விலைக்குத் தந்தாலும் நான் வாங்குவேன்.